தெளிவாக இருக்கிறது என்பது ஒரு பதில் இல்லை

நெல்லைச் சீமைக் கல்லூரிகளில் உயிரித்தொழில்நுட்பமும் உயிர்வேதியியலும் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் பாளையங்கோட்டைக்காரன். மருந்தாகப் பயன்படும் புரதங்களைக் கரைசலில் கெடாமல் வைத்திருக்க வழி தேடுவதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. வேலை வெளியூரில். ஊருக்கு வருவது கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும்தான்.

போன மாதமும் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தேன். கல்லூரி ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர், இறுதியாண்டுப் பிள்ளைகளிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகச் சொன்னார். நமக்குப் பேச வராது, கேட்க வரும். ஒரு கண்ணாடிக் குப்பியைத் தூக்கிக் காட்டினேன். உள்ளே நிறமில்லாத, தெளிவான திரவம். "இதில் ஒரு ஆன்டிபாடி, அதாவது மருந்தாகப் பயன்படும் ஒரு புரதம், கரைந்திருக்கிறது. இன்றைக்கு நன்றாக இருக்கிறது. இரண்டு வருடம் கழித்தும் நன்றாக இருக்கும் என்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். போடுவதற்கு முன்னால் என்னென்ன பார்ப்பீர்கள்?"

மூன்று பதில் வந்தது. "புரத அளவு பார்க்கலாம் சார், லௌரி முறையில." "எஸ்.டி.எஸ். ஜெல் ஓட்டலாம், ஒரே பேண்ட் வந்தா சுத்தமா இருக்குன்னு அர்த்தம்." மூன்றாவதைப் பாதி வகுப்பு சேர்ந்தே சொன்னது: "மைனஸ் இருபதுல வச்சுட்டா கெடாது சார்."

குப்பிக்குள் இருந்தது வெறும் தண்ணீர். மருந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறுகிறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. ஆனால் உள்ளே புரதம் இருக்கிறதா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள். மரபணுவை வெட்டி ஒட்டுவதைக் கேட்டால் மளமளவென்று சொன்னார்கள். புரதத்தைச் செய்வது வரைக்கும் பாடம் இருக்கிறது. செய்த புரதம் கெடாமல் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது பாடத்தில் இல்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் அந்த மூன்று பதில்கள். லௌரி முறை எவ்வளவு புரதம் இருக்கிறது என்று சொல்லும், எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லாது. பச்சை முட்டையிலும் அவித்த முட்டையிலும் புரத அளவு ஒன்றுதான். புரதங்களை அளவு வாரியாக ஓடவிட்டுப் பட்டை பட்டையாகக் காட்டுகிற ஜெல்லின் கதை இன்னும் வேடிக்கை. புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டிருந்தால், நாம் சேர்க்கிற எஸ்.டி.எஸ். என்ற சோப்பு மாதிரிப் பொருள் அவற்றில் பெரும்பகுதியைப் பிரித்துப்போட்டு, நல்ல பிள்ளைபோல ஒரே பேண்டாக ஓடவைத்துவிடும். உறுதியான பிணைப்பால் கோத்துக்கொண்டவைதான் மேலே தெரியும். தடயத்தைக் கழுவிவிட்டுத் துப்பறிகிற மாதிரி.

ஃப்ரீசர் பதிலில் நானே சூடு வாங்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சோடியம் பாஸ்பேட் பஃபரில் (பி.ஹெச். மாறாமல் காக்க வேண்டிய கரைசலில்) இருந்த ஒரு புரதத்தைப் பத்திரமாக இருக்கட்டும் என்று மைனஸ் இருபதில் வைத்தேன். வெளியே எடுத்து உருக்கினால் வெள்ளை வெள்ளையாக நூல் மிதக்கிறது. இரண்டு மாத உழைப்பு போச்சு. தண்ணீர் உறையும்போது உப்பையும் புரதத்தையும் பனிக்கட்டி தன்னோடு சேர்த்துக்கொள்ளாது. மிச்சமிருக்கிற கொஞ்சத் தண்ணீருக்குள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். போதாக்குறைக்கு இந்த பஃபரில் டைசோடியம் பாஸ்பேட் முதலில் படிகமாகிப் பிரிந்துவிட, 7-ல் இருந்த பி.ஹெச். 4-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். நான் புரதத்தைக் குளிரில் வைத்ததாக நினைத்தேன்; அமிலத்தில் வைத்திருக்கிறேன். பொட்டாசியம் பாஸ்பேட்டில் இப்படி விழாது. இதை எனக்கு யாராவது பி.எஸ்சி.யில் சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்தாள். "சார், எங்க அம்மாவுக்குச் சர்க்கரை. இன்சுலினை ஃப்ரீசர்லதான் வைப்பாங்க. நல்லாக் குளிர்ந்தாத்தான் கெடாதுன்னு. பார்த்தாத் தெளிவாத்தான் இருக்கு." உறைந்து உருகிய இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது, தெளிவாக இருந்தாலும் கூடாது, புதுசு வாங்கச் சொல்லு, கீழ்த்தட்டில் 2-லிருந்து 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்லு என்றேன். வராந்தாவிலேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டாள். இன்சுலின் ஒரு புரதம் என்பது அவளுக்குத் தெரியும், அமினோ அமில வரிசைகூடத் தெரியும். அந்த அறிவுக்கும் வீட்டு ஃப்ரீசருக்கும் நடுவே ஒரு பாலம் போடாமல் விட்டிருக்கிறோம்.

சரி, பாலத்தை எங்கிருந்து போடுவது? நான் சொல்வது, சொதியிலிருந்து.

அந்தக் கல்யாணத்தில் மறுவீட்டுச் சாப்பாடு. வீட்டுக்குப் பின்னால் தவசிப்பிள்ளை சொதி வைத்துக்கொண்டிருந்தார். காய் இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் வெந்துவிட்டது. வெந்த பாசிப்பருப்பும் போட்டாயிற்று. கடைசியாகத் தலைப்பாலை ஊற்றியதும் மனிதர் அடுப்பை விட்டு நகரவில்லை; யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தில் நுரை கட்டுகிற நேரத்தில் இறக்கினார். சூடு சற்றுத் தணிந்த பிறகுதான் எலுமிச்சை பிழிந்தார். "அடுப்புல இருக்கும்போதே பிழிஞ்சா என்ன?" என்று சும்மா கேட்டேன். "திரிஞ்சு போகும்லா!" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

தேங்காய்ப்பாலில் எண்ணெய்த் துளிகளைத் தனித்தனியாக நிறுத்திவைப்பதில் புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கொதித்தால் அந்தப் புரதம் உருக்குலைந்து ஒட்டிக்கொள்ளும், பால் திரியும். அமிலம் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். அமிலமும் சூடும் ஒரே நேரத்தில் வந்தால் கேட்கவே வேண்டாம். எதை எப்போது, எந்தச் சூட்டில், எந்த வரிசையில் சேர்ப்பது, கெடப்போகிறது என்பதற்கு முதல் அறிகுறி எங்கே தெரியும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நாங்கள் பார்ப்பதும் இந்த வேலைதான். அவருடைய சொதி பந்தி முடியும் வரை தாங்கினால் போதும். எங்களுடையது இரண்டு வருடம் தாங்க வேண்டும், அதுவும் இலையில் அல்ல, ஒருவருடைய உடம்புக்குள் போகிற ஊசியில்.

'திரிதல்' என்ற சொல்லை வகுப்பில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அக்ரிகேஷன் என்றால் மனப்பாடம் செய்கிற பிள்ளை, திரிந்துபோச்சு என்றால் கண்ணால் பார்க்கும்.

ஏன் திரிகிறது என்பதற்கு உங்கள் பாடத்திலேயே பாதி விடை இருக்கிறது. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ராமச்சந்திரன் வரைபடத்தை உங்கள் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பினாலும் வரைவார்கள். அமினோ அமிலங்கள் கோத்த புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம் என்று அது சொல்கிறது. மடங்கிய சங்கிலி எவ்வளவு உறுதியாக அப்படியே நிற்கும் என்பது வேறு கேள்வி. பெரும்பாலான புரதங்களில் மடிந்த நிலைக்கும் அவிழ்ந்த நிலைக்கும் இடையே உள்ள வித்தியாசம் மோலுக்கு 5 முதல் 15 கிலோகலோரிதான். ஒரு சில ஹைட்ரஜன் பிணைப்புகளின் விலை. ஆயிரக்கணக்கான அணுக்கள் சேர்ந்து கட்டிய வீடு, நாலு ஆணியில் நிற்கிறது. லேசாக அவிழ்ந்தாலும் உள்ளே மறைந்திருந்த நீர்வெறுக்கும் பகுதிகள் வெளியே வந்து பக்கத்து மூலக்கூறோடு ஒட்டப் பார்க்கும்.

இது ஒரு வகை. அவிழாமலே ஒட்டிக்கொள்வது இன்னொரு வகை. மேற்பரப்பிலுள்ள மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளினால் புரதங்கள் விலகி நிற்கும். தள்ளுவது குறைந்தால் நெருங்கும். பாலில் உள்ள கேசீன் 4.6 பி.ஹெச்.சில் கட்டிப்படுவது இதனால்தான்; தயிர் நமக்கு நல்லது, அதே சங்கதி குப்பிக்குள் நடந்தால் கேடு. ஆக, மடிப்பு நிற்கிறதா என்பது ஒரு கேள்வி, அக்கம்பக்கத்தோடு ஒட்டாமல் இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. ஒன்றில் தேறியது மற்றதில் தோற்கலாம். மூன்றாவதாக வேதிமாற்றம்: அஸ்பராஜின் அமைடை இழப்பது, மெத்தியோனின் ஆக்சிஜனேற்றம் அடைவது. இவை சத்தமில்லாமல் நடக்கும். அமைடு போனால் மூலக்கூறின் எடையில் ஒரு டால்டன் (ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை) கூடும், மின்னூட்டம் ஒன்று மாறும், கரைசல் கண்ணாடி மாதிரி இருக்கும்.

ஆலையில் ஒரு ஆன்டிபாடி என்ன பாடு படுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், கதை கேட்பதுபோலக் கேட்பார்கள். தவசிப்பிள்ளை பயந்து பயந்து பிழிகிற எலுமிச்சையை நாங்கள் வேண்டுமென்றே பிழிகிறோம்: வைரஸ் ஏதாவது ஒளிந்திருந்தால் சாகட்டும் என்று 3.5 பி.ஹெச். வாக்கில் ஒரு மணி நேரம் போல ஊறவிடுகிறோம். பிறகு சவ்வு வடிகட்டியில் பம்ப் வைத்துத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுக் கெட்டியாக்குகிறோம். தோலுக்கடியில் போடுகிற ஊசியில் ஒன்றிரண்டு மில்லிக்குள் முழு மருந்தும் அடங்க வேண்டும் என்பதால் மில்லிக்கு 100, 150 மில்லிகிராம் என்று போகும். முட்டை வெள்ளைக்கருவே ஏறக்குறைய 10 சதவீதம்தான் புரதம். எங்கள் கரைசல் சில நேரம் அதையும் மிஞ்சும். ஊசி வழியாக இறங்காத அளவுக்குக் குழகுழப்பாகிவிடுவதும் உண்டு. அப்புறம் உறையவைத்து எடுத்துப்போவது, உருக்குவது, குப்பியில் நிரப்புவது, ரப்பர் மூடி, லாரி. பெங்களூரிலிருந்து நம்மூருக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் குப்பிக்குள் காற்றும் திரவமும் குலுங்கும். ஒவ்வொரு குலுக்கலிலும் புதிதாக ஒரு மேற்பரப்பு பிறக்கிறது. புரதம் அங்கே போய்ப் படர்ந்து உருக்குலைகிறது. இன்சுலினை நிறுத்தாமல் குலுக்கினால் நார்நாராகத் திரளும். அதனால்தான் 0.01 முதல் 0.1 சதவீதம் பாலிசார்பேட் சேர்க்கிறோம். பந்தியில் முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறவர்களைப்போல அது மேற்பரப்பில் முதலில் இடம்பிடித்துவிடும், புரதத்துக்கு அங்கே வேலை இராது. சுக்ரோஸ், அதாவது சர்க்கரை, சேர்ப்பது வேறு காரணத்துக்கு: புரதம் மடிந்தே இருப்பதுதான் மேல் என்று ஆக்குவதற்கு.

இவ்வளவும் செய்து, இரண்டு வருடம் நிற்கும் என்று எப்படிச் சொல்வது? பிள்ளைகள் கற்க வேண்டிய முக்கியமான சங்கதி இங்கேதான் இருக்கிறது. சாதாரண மாத்திரைக்கு, சூட்டில் வைத்து வேகமாகக் கெடவிட்டு, கணக்குப் போட்டு, ஓரளவுக்குக் காலம் சொல்லிவிடலாம். 10 டிகிரி கூடினால் வினையின் வேகம் இரு மடங்காகும் என்று பிளஸ் டூ வேதியியலில் படித்த கணக்கு. அதை முட்டையில் போட்டுப் பார்ப்போம். 100 டிகிரியில் 10 நிமிடத்தில் முட்டை வெந்துவிடுகிறது. அந்தக் கணக்குப்படி 37 டிகிரியில் எவ்வளவு நேரம்? ஏறக்குறைய 13 மணி நேரம். அதாவது அடைகாக்கிற கோழி, ராத்திரி உட்கார்ந்தால் மறுநாள் காலையில் அவித்த முட்டையின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும்! 21 நாள் உட்கார்ந்து குஞ்சு பொரிக்கிறது. ஏனென்றால் 100 டிகிரியில் நடப்பது வேறு, 37-இல் நடப்பது வேறு. மேலே மடிப்பே குலைந்துபோகிறது. கீழே அது குலையவே இல்லை. இதற்குத் தலைகீழாகவும் நடக்கும். 25 டிகிரியில் சமர்த்தாக இருந்த ஆன்டிபாடி, கெட்டியான கரைசலாக 5 டிகிரியில் வைத்ததும் இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் உயிரியல் மருந்துகளுக்கென்று 1995-இல் வந்த ஐ.சி.எச். (மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைக்கும் அமைப்பு) க்யூ5சி நெறிமுறை, ஆயுட்காலத்தை உண்மையான வெப்பநிலையில் உண்மையான காலம் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்கிறது. குறைந்தது 3 பேட்ச். 5 டிகிரிக்கு மேலே கீழே 3 டிகிரிக்குள் வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, குறித்த நாளில் எடுத்துச் சோதிப்பது. இரண்டு வருடம் என்று அட்டையில் போட வேண்டுமா, இரண்டு வருடம் காத்திரு. 25 டிகிரியில் வைத்துப் பார்ப்பதும் உண்டு, ஆனால் அது தீர்ப்பு சொல்ல அல்ல. எந்த வழியில் கெடும் என்று துப்புக் கிடைக்க. ஆரம்பக் கட்டத்தில் நூறு கலவைகளிலிருந்து நாலைத் தேர்ந்தெடுக்கவும் சூடு உதவும்: எந்த டிகிரியில் மடிப்பு அவிழ்கிறது என்று பார்த்து வரிசைப்படுத்துவோம். அந்த எண்ணையும் முழுசாக நம்பக் கூடாது. முட்டையே சாட்சி. முட்டை பழசாகப் பழசாக வெள்ளைக்கருவிலிருந்து கரியமில வாயு வெளியேறி, பி.ஹெச். 7.6-இலிருந்து 9-க்கு மேல் ஏறும். அப்போது உள்ளே இருக்கிற ஓவால்புமின் என்ற புரதம் கொஞ்சம் கொஞ்சமாக எஸ்-ஓவால்புமின் என்ற வடிவத்துக்கு மாறும். புதுசு அவிழ்வது 84 டிகிரி வாக்கில். இந்தப் பழசு 92 டிகிரி வரை தாங்கும். எண்ணை மட்டும் பார்த்தால் பழைய முட்டைதான் 'நிலையானது'. வாங்குவீர்களா?

கருவிகளிலும் இதே சிக்கல். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கண். ஆன்டிபாடி ஒன்றின் குறுக்களவு 10 நானோமீட்டர் சொச்சம். இரண்டு மூன்று ஒட்டியதை ஹெச்.பி.எல்.சி. என்ற கருவியில் அளவு வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் பெரிய திரள் அதன் பிரிப்புக் குழாயின் வாசலிலேயே சிக்கிக்கொள்ளும், வரைபடத்தில் வராது. புதுசாகச் சேர்ந்தவர்கள் "சார், அக்ரிகேட்டே இல்லை" என்று சந்தோஷமாக வருவார்கள். வரைபடக் கோட்டுக்குக் கீழே உள்ள மொத்தப் பரப்பைக் கூட்டிப் பார் என்பேன். போன மாதம் 100 இருந்தது இந்த மாதம் 91 என்றால், மிச்சம் 9 எங்கே போச்சு? கணக்கில் வராததுதான் கெட்டது. ஒளிச்சிதறல் கருவிக்கு நேரெதிர் நோய்: விட்டம் 10 மடங்கானால் சிதறல் 10 லட்சம் மடங்கு என்பதால், ஓரிரு பெரிய திரள் இருந்தாலே ஊரே திரண்டுவிட்டதுபோலக் காட்டும். அதற்கு மேல் மைக்ரான் அளவுத் துகள்களுக்கு எண்ணிக்கை வரம்பு இருக்கிறது: அமெரிக்க மருந்தகராதிப்படி சின்னக் குப்பி ஒன்றில் 10 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ளவை 6000-ஐத் தாண்டக் கூடாது; 25 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ளவை 600-ஐத் தாண்டக் கூடாது. கடைசியில் மனுஷக் கண். கறுப்புப் பின்னணியில் ஒரு முறை, வெள்ளைப் பின்னணியில் ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில் குப்பியை மெல்லச் சுழற்றிப் பார்ப்பது. இத்தனை கருவி வந்தும் அது போகவில்லை. ஆனால் கண் வரிசையில் கடைசி. கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் காரியம் கெட்டு நாளாகியிருக்கும். தவிர, கலங்கலாகவே இருக்க வேண்டிய இன்சுலினும் கடையில் விற்கிறது. அங்கே தெளிவைத் தேடினால் தப்பு.

கொஞ்சம் திரண்டால் என்ன, மருந்து கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. திரண்ட புரதத்தை உடம்பு கிருமிபோலப் பார்த்து எதிர்ப்பு காட்டக்கூடும். 1998-இல் ஐரோப்பாவில் விற்ற எபோய்டின் ஆல்ஃபா (சிவப்பணு செய்யத் தூண்டும் புரதம்) மருந்து ஒன்றில், நிலைநிறுத்துவதற்குச் சேர்த்திருந்த மனித ஆல்புமினை எடுத்துவிட்டு பாலிசார்பேட் 80 போட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில், அந்த ஊசி போட்டுக்கொண்ட சிறுநீரக நோயாளிகள் சிலருடைய உடம்பு, அதே வேலைக்குத் தானே சுரக்கிற எரித்ரோபோய்ட்டினையும் சேர்த்து எதிர்க்கத் தொடங்கியது. எலும்பு மஜ்ஜை சிவப்பணு செய்வதை நிறுத்திவிட்டது. திரள் காரணமா, ரப்பர் மூடியிலிருந்து கசிந்த பொருள் காரணமா என்று நீண்ட வாதம் நடந்தது. துணைப்பொருள் என்று ஓரமாக எழுதுகிற ஒன்றை மாற்றியதற்கு இந்த விலை.

இனி நான் கேட்க வந்தது. ஒரு செமஸ்டர் செய்முறையில் நாலு பிற்பகல் கொடுங்கள். "ஹெச்.பி.எல்.சி. இல்லையே, இருப்பதும் பூட்டிக் கிடக்கிறதே" என்பீர்கள். வேண்டாம். முட்டை, தண்ணீர்த்தொட்டி, சோதனைக்குழாய், கரைசல் வழியே ஒளி எவ்வளவு போகிறது என்று அளக்க எல்லாக் கல்லூரியிலும் இருக்கிற ஸ்பெக்ட்ரோ போதும். வெள்ளைக்கருவை வெறும் தண்ணீரில் கலக்காதீர்கள். உப்புக் குறைந்தால் ஓவோமியூசின் என்ற புரதம் அப்போதே வெண்மையாகப் படிந்து குழப்பும். 0.9 சதவீத உப்புத் தண்ணீரில் கலந்து, சுழற்றித் தெளியவைத்து எடுங்கள். 55, 60, 65, 70 டிகிரிகளில் வைத்து 350 நானோமீட்டரில் கலங்கலை அளக்கட்டும். அந்த அலைநீளத்தில் புரதம் ஒளியை உறிஞ்சாது. எண் ஏறினால் அது சிதறல்தான். வெள்ளைக்கருவின் இன்னொரு புரதமான ஓவோடிரான்ஸ்ஃபெரின் 60-ஐத் தாண்டியதும் முதலில் அசையும், ஓவால்புமின் ரொம்ப நேரம் தாங்கும்: ஒரே குழாயில் இரண்டு குணம். பிறகு அதையே சர்க்கரை சேர்த்தும் சேர்க்காமலும், பி.ஹெச். மாற்றியும் செய்யட்டும். இன்னொரு நாள், சுழலியில் வைத்துக் குலுக்குவது, ஒரு துளி ட்வீன் 20 போட்டும் போடாமலும். ட்வீன் பாலிசார்பேட்தான் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள்.

தெளிவு ஏமாற்றும் என்று காட்ட எச்சில் போதும். பிள்ளைகள் ஏற்கெனவே மாவும் அயோடினும் வைத்து அமைலேஸ் (எச்சிலில் மாவை உடைக்கும் என்சைம்) சோதனை செய்கிறார்கள். நீர்த்த எச்சிலை 80 டிகிரியில் வைத்து ஆறவிட்டுச் சூடுபடாததோடு பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மாவு கலந்து அயோடின் போட்டால்தான், ஒன்றில் நீலம் மறையும், மற்றதில் அப்படியே நிற்கும்.

இவை எல்லாவற்றையும்விட நான் பிடிவாதமாகக் கேட்பது ஒன்று. ஏதாவது ஒரு சுத்தப் புரதம், மாட்டு அல்புமினோ லைசோசைமோ, 0.2 மைக்ரான் வடிகட்டி வழியாகக் கிருமிநீக்கிய குழாய்களில் நிரப்பி, பாதியைக் குளிர்ப்பெட்டியிலும் பாதியை லேப் மேசையிலும் வைத்து, செமஸ்டர் முழுக்க வாரம் ஒரு குழாயாக எடுத்து அளக்கச் சொல்லுங்கள். எடுத்த குழாயைத் திரும்ப வைக்கக் கூடாது. குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையைத் தினமும் ஒரு பிள்ளை எழுதட்டும். கரண்டு போனால் எத்தனை மணிக்குப் போச்சு, எத்தனை மணிக்கு வந்தது, உள்ளே எத்தனை டிகிரி ஏறியது என்பதும் எழுதப்பட வேண்டும். அழிக்கவோ, 'சுமார் 4' என்று நிரப்பவோ கூடாது. நம்மூர் மேசையில் 40 டிகிரி வரை பார்க்கலாம், வெளியூர்க் கல்லூரிகளுக்கு இந்த வசதி கிடையாது. மேசைக் குழாய் கலங்கினால் உடனே புரதம் திரிந்தது என்று எழுதவிடாதீர்கள். கிருமி வளர்ந்ததா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு எழுதட்டும். நாங்கள் வேலைக்கு எடுப்பதற்கு முன் கேட்பதும் ஏறக்குறைய இதுதான்: ஒரு எண் விலகி வந்தால் அது கரைசலின் குற்றமா, கருவியின் குற்றமா, உன் கையின் குற்றமா என்று எப்படிப் பிரிப்பாய்?

சிலர் கேட்கலாம், இதையெல்லாம் படித்தால் வேலை கிடைக்குமா என்று. உத்தரவாதம் தர நான் யார். ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் ஆள் எடுக்கும் இடங்களில் இந்தப் பேச்சைப் புரிந்துகொள்கிற பிள்ளைக்குப் பேச ஏதோ ஒன்று இருக்கும், அவ்வளவு சொல்வேன். 2007-இலேயே இந்தியாவில் ரிடுக்ஸிமாப் என்ற புற்றுநோய் ஆன்டிபாடியின் நிகர்மருந்து விற்பனைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி நாள் எண்ணிக் குழாய் எடுக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது.

பாடத்திட்டக் கூட்டம் எப்போது, யாருக்கு எழுத வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்றும் நினைக்கிறேன். இருக்கிற செய்முறைப் பட்டியலில் 'புரத அளவு காணல்' என்ற வரிக்குக் கீழேயே பாதியைச் செய்துவிடலாம். முட்டைச் செலவு என்னுடையது. ஆடிக் கொடைக்கு வருவேன்; ஒரு பிற்பகல் கொடுத்தால் குழாய் நிரப்புவதைக் கூட இருந்து காட்டுகிறேன்.

ஒன்று மட்டும்: அந்த நீண்ட சோதனையின் குழாய்களை வகுப்பு தொடங்கும் முதல் வாரத்திலேயே வைத்துவிடுங்கள். தேர்வு நெருங்கும்போது நினைவு வந்து வைத்தால், குளிர்ப்பெட்டியில் இருப்பதில் எழுதும்படி எதுவும் நடந்திருக்காது.

அன்புடன்,
உங்களில் சிலரிடம் படித்த ஒரு பழைய மாணவன்